பழைய பிளேடும் புது பிளேடும்

'தாத்தாவின் பெட்டியில் பிரிக்காத பிளேடு பாக்கெட்டுகள் கிடைத்தன. அவற்றில் சவரம் செய்யலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பூச்சித் தாக்குதல், மண் பரிசோதனை, மானியம் என்றே கேள்விகள் வந்து பழகிய எனக்கு இது புதிது. ஆனாலும் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. கல்லூரி நாள் தொட்டு, இருபுறமும் கூரான அந்த பிளேடில்தான் சவரம் செய்கிறேன். மாறுதலில் போன ஊர்களில் எல்லாம், மளிகைக்கடை அலமாரியின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய பாக்கெட்டுகளை வாங்கி வைப்பது என் பழக்கம். டோபாஸ், பாரத், செவன் ஓ கிளாக் என்று, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே உறையின் நிறம் ஞாபகத்துக்கு வரும்.

இந்த பிளேடை உலகத்துக்குக் கொடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த கிங் கேம்ப் ஜில்லெட். அவருடைய கம்பெனி 1903-ல் விற்பனையைத் தொடங்கியபோது, அந்த ஆண்டு முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடுதான். அன்றைய பிளேடு கார்பன் ஸ்டீல். நம் அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் சொந்தக்கார இரும்பு. நன்றாகக் கூர் ஏறும், ஆனால் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். 1962-ல் இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்டு கம்பெனி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு சந்தையே மாறிவிட்டது. மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கே வந்தன. குரோமியம் கலந்திருப்பதால் துரு எளிதில் ஏறாது. விளிம்பில் டெஃப்லான் போன்ற மெல்லிய பூச்சும் இருப்பதால் தோலில் வழுக்கிக்கொண்டு போகும்.

இரண்டையும் நான் ஒப்பிட்டுப் பார்த்தது, இரண்டு நெல் ரகங்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் நட்டுப் பார்ப்பதுபோலத்தான். இடது கன்னத்துக்குப் பழைய கார்பன் பிளேடு, வலது கன்னத்துக்கு ஸ்டெயின்லெஸ். அதே சோப்பு, அதே தண்ணீர், அதே கை. முதல் நாள் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. சொல்லப்போனால் கார்பன் பிளேடு ஒரு மாற்று கூடுதல். மூன்றாம் நாள் இடது கன்னத்தில் முடியைப் பிடித்து இழுத்தது. வலது கன்னம் ஐந்தாம் நாளும் சுத்தமாக வந்தது.

இலைப்பேன் பார்க்க வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் இரண்டு பிளேடுகளையும் பார்த்தேன். கார்பன் பிளேடின் விளிம்பு நெடுக ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். முடியை அறுத்துத் தேய்வதற்கு முன்பே துரு அதைத் தின்றிருந்தது. அடுத்த பிளேடைச் சவரம் முடிந்ததும் அலசி, உதறி, காயவைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். இரண்டு நாள் கூடுதலாக உழைத்தது. எந்த பிளேடானாலும் துண்டால் துடைக்காதீர்கள், விளிம்பு கெட்டுவிடும்.

வாசகருக்கான பதில் இதுதான். உறையைப் பிரித்து, உள்ளே இருக்கும் மெழுகுத் தாளைப் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தாலோ, தாள் பிளேடோடு ஒட்டியிருந்தாலோ அது வேண்டாம். தாள் சுத்தமாக இருந்து, விளிம்பு ஒரே சீராக மின்னினால் ஐம்பது வருடப் பழசானாலும் சவரம் செய்யலாம். முகத்தை நன்றாக நனைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, நுரை போட்டபின் அழுத்தாமல் இழுங்கள். ரேசரின் எடையே போதும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் நுரை நிற்காது. சவரத்துக்கு மட்டுமாவது மழைநீரோ நல்ல தண்ணீரோ ஒரு குவளை எடுத்துக்கொள்ளுங்கள்.

துருவால்தான் ரணஜன்னி வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். சவரக் காயத்தோடு தொழுவத்தில் இறங்குகிற நமக்கு அது எப்போதும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவும் மகனும் ஒரே பிளேடைப் பகிர்வதும் கூடாது. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் ரத்தத்தின் வழியாகப் பரவும். சலூனில் உட்கார்ந்தாலும் "புது பிளேடு போடுங்கண்ணே" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

பிளேடுகளில் எது உசத்தி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சவரம் முடிந்த பிளேடு எங்கே போகிறது என்பதுதான். நம் வீடுகளில் அதைக் கூரைக் கீற்றில் செருகி வைப்பார்கள். கூரை பிரிக்கும்போது கீற்றோடு சேர்ந்து எருக்குழிக்குப் போகும். அங்கிருந்து வயலுக்கு, வைக்கோலுக்கு, மாட்டின் வாய்க்கு. மாடு அரைகுறையாக மென்று விழுங்குகிற பிராணி. இரும்பைப் பிரித்துத் துப்பத் தெரியாது. விழுங்கிய இரும்பு, தேன்கூடு போன்ற இரண்டாவது இரைப்பையில் தங்கும். இருதயம் அதற்கு மிக அருகில் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில், கணவனை இழந்த ஓர் அம்மாவின் கறவை மாடு தீவனத்தை விட்டுவிட்டது. முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை விரித்து நின்றது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்க மறுத்தது. கால்நடை மருத்துவர் அறுவைச் சிகிச்சை செய்தார். வெளியே வந்தது ஒரு கம்பித் துண்டும் பாதி பிளேடும். கம்பி ஏற்கெனவே இருதய உறையைத் தொட்டிருந்தது. மாடு பிழைக்கவில்லை. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் மகளைப் படிக்கவைத்த வீடு அது.

பவுடர் டப்பாவோ தகர டப்பாவோ ஒன்றை எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போடுங்கள். மூடியைத் திறக்கமுடியாதபடி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் சுவரில் மாட்டுங்கள். ஒட்டுக்கட்டப் பயன்படுத்திய பிளேடும் அதிலேயே போகட்டும். ஒரு டப்பா நிரம்பப் பல வருடம் ஆகும். நிரம்பியதும் அப்படியே பழைய இரும்புக் கடையில், உள்ளே பிளேடு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.