வெட்டுவதற்கென்றே ஒரு காடு

பெரி செயின்ட் எட்மண்ட்ஸ், இங்கிலாந்து,
மார்ச் கடைசி வாரம்

அன்புள்ள கமலா,

ஊசியிலைக் காடு வேறு, அகன்ற இலைக் காடு வேறு, இந்தப் பக்கத்து மண்ணுக்குச் சொந்தமானது இரண்டாவதுதான் என்று மகன் காரில் வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே வந்தான். உள்ளே போய்ப் பார்த்தால் ஓர் இலை கிடையாது. ஓக் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. ஆஷ் அதைவிடச் சோம்பேறி. கரி தீற்றினாற்போல் கறுப்பு மொட்டுகளை வைத்துக்கொண்டு மே மாதம் வரைக்கும் யோசிக்குமாம். குளிர் வேறு. சுவெட்டருக்கு மேல் கோட்டு, அதற்கு மேல் நீ பின்னிக் கொடுத்த சால்வை, தலையில் மருமகளின் குல்லாய். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால் நீ ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

போனது பிராட்ஃபீல்டு காட்டுக்கு. ஊரிலிருந்து தென்கிழக்கே கொஞ்ச தூரம்தான், ஆனால் பஸ்ஸை நம்பி யாரும் கிளம்ப முடியாது. ஊர் எல்லையில் பெரிய சர்க்கரை ஆலை, வானுயரக் குதிர்கள். கரும்பு இல்லை, பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள். அதைத் தாண்டினால் வயல், வயல், இன்னும் வயல். கோதுமை சாண் உயரம் நிற்கிறது. நடுநடுவே ரோஸ் நிறச் சுண்ணாம்படித்த, வைக்கோல் வேய்ந்த வீடுகள். கூரை வீடு என்றால் ஏழை வீடு என்று நினைக்காதே. இங்கே கூரை வேய்கிறவருக்குக் கூலி கொடுக்கப் பணக்காரராக இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பனியுகத்துப் பனிப்பாறைகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய களிமண். மகன் வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸை அது பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. கால் மேலே வருகிறது, பூட்ஸ் வருவதில்லை. இப்படி நனைந்து கிடக்கும் களியில் ஏர் ஓட்டுவது சிரமம், அதனால்தான் இந்த இடம் காடாகவே தப்பித்தது என்று மகன் சமாதானம் சொன்னான். தப்பித்தது என்றால் 200 ஏக்கர்தான். நம் ஊரில் இதைக் காடு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்த 200 ஏக்கருக்கு 1252ஆம் ஆண்டிலிருந்து ஏட்டில் கணக்கு இருக்கிறது. அப்போது இது பெரி மடாலயத்துத் துறவிகளின் சொத்து. எட்டாம் ஹென்றியின் ஆட்கள் 1539இல் மடத்தை மூடிவிட்டார்கள். இன்று ஊர்ப் பூங்காவில் அதன் சுவர்கள் பல் விழுந்த மாதிரி நிற்கின்றன. மடம் போனது, காடு இருக்கிறது.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். உனக்குப் பிடிக்காது, ஆனாலும் படி.

நுழைந்து கால் மணி நேரம் நடந்திருப்போம், ரம்பச் சத்தம். ஒரு கிரவுண்டு, இரண்டு கிரவுண்டு இல்லை, ஏக்கர் கணக்கில் தரைமட்டமாக வெட்டிக் கிடக்கிறது. அங்கங்கே சில ஓக் மரங்களை மட்டும் விட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் முழங்காலுக்குக் கீழே வெறும் கட்டை. இயற்கைச் சரணாலயம் என்று வாசலில் பலகை வைத்துவிட்டு உள்ளே இந்த வேலையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரம்பத்தை நிறுத்திவிட்டு ஃபிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் நேராகப் போனேன். அறுபத்தைந்து வயது இருக்கும், காதில் சத்தம் தடுக்கும் மூடி, இடுப்பில் வளைந்த வெட்டுக்கத்தி. மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். “ஏன் வெட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“வெட்டாவிட்டால் இது செத்துவிடும்,” என்றார்.

என்னைக் கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து, போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில் வெட்டிய துண்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கட்டையிலிருந்தும் பத்து, பதினைந்து கொம்பு நேராக, என் தலைக்கு மேல். அப்புறம்தான் எனக்குப் பிடிபட்டது. உன் வீட்டுக்காரர் கரும்பை வெட்டிவிட்டு மறுதாம்பு விடுகிறார் பார், அதே வேலை. கரும்பில் இரண்டு, மூன்று தாம்போடு சரி. இங்கே அதை எழுநூறு வருடத்துக்கு மேலாகச் செய்கிறார்கள். ஒரு துண்டில் கத்தி பட்டால் மறுமுறை படுவதற்கு 20, 25 வருடம் ஆகும். கூரைக் குச்சிக்கான ஹேசல் புதர் மட்டும் போதுமென்றால் ஏழெட்டு வருடத்திலேயே வெட்டலாம். வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் இருநூறு, முந்நூறு வருடத்தில் காற்றுக்கோ பூஞ்சைக்கோ பலியாகும். வெட்டு வாங்கிக்கொண்டே இருக்கும் ஆஷ் சாவதில்லை, அடிக்கட்டை சுற்றளவில் பெருத்துக்கொண்டே போகிறது. இந்தக் காட்டில் ஒரு கட்டைக்கு ஆயிரம் வயது இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். நடுவில் உளுத்துக் குழிந்து, வளையமாக, ஒரு குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும் அகலம். மடத்துத் துறவிகள் அதிலிருந்து விறகு எடுத்திருப்பார்கள். இவரும் எடுக்கிறார்.

ஹேசல் குச்சியை நாலாக வகிர்ந்து, இரண்டு முனையையும் சீவி, நடுவில் முறுக்கி மடக்கினார். கொண்டை ஊசி போல ஆனது. கூரையில் வைக்கோலை அழுத்திப் பிடிப்பது இதுதானாம். ஒரு வீட்டுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். பழைய வீடுகளில் சுவருக்குள்ளும் ஹேசல் வரிச்சுதான், மேலே மண் பூச்சு. ஆஷ் கொம்பை வாங்கிப் புல் வாரும் மர வாரி செய்ய, பக்கத்தில் லிட்டில் வெல்னதம் என்ற ஊரில் பட்டறையே இருந்தது. வாங்க ஆள் இருந்தவரை காட்டை யாரும் அழிக்கவில்லை என்றார். கேட்க வினோதமாக இருக்கிறது, ஆனால் கணக்கு சரி. 1960களில் இந்தக் காட்டின் ஒரு பகுதியை வேரோடு பெயர்த்து வயலாக்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டு மிச்சத்தை மீட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுவதும் இந்தக் கதைதான்: பழைய காட்டை அழித்துக் கோதுமை போட்டார்கள், அல்லது உள்ளூர் மரத்துக்கு மருந்து அடித்துவிட்டு வெளியூர் ஊசியிலை மரத்தை வரிசை வரிசையாக நட்டார்கள். மரம் நடுவதும் காட்டைக் கொல்லலாம், கமலா. மரம் நடும் உன் சங்கத்தாருக்கு இதைச் சொல்லாதே.

இல்லை, சொல்லு என்றுதான் தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக்காரர் ஆலிவர் ராக்கம், கேம்பிரிட்ஜில் இருந்தவர், 2015இல் காலமானார். மரத்தை வெட்டுவதால் காடு போய்விடாது, அது தானாக முளைக்கும் என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார். கன்றுகளைக் கப்பலேற்றி நாடு விட்டு நாடு கொண்டுபோவதை அவர் கடைசிவரை திட்டினார். திட்டியது நியாயம்தான். கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை ஆஷ் மரங்களை நுனியிலிருந்து காய வைக்கிறது. இந்த நாட்டில் 2012இல் கண்டுபிடித்தார்கள், முதலில் இறக்குமதி செய்த கன்றுகளில். காற்றிலும் வந்திருக்கிறது என்கிறார்கள். கன்றைத் தடை செய்யலாம், காற்றை என்ன செய்வது? பெரியவர் ஒரு கொம்பின் பட்டையில் வைர வடிவத்தில் கறுத்த புண்ணைக் காட்டினார். அந்த ஆயிரம் வயதுக் கட்டை என்ன ஆகும் என்று கேட்டேன். தோளைக் குலுக்கிவிட்டு டீயைக் குடித்து முடித்தார். சமாதானம் சொல்லாத மனுஷர், எனக்குப் பிடித்துப்போனது.

வெட்டிய இடத்தில் வெயில் விழுகிறது அல்லவா, அங்கேதான் பூ. வெளிர் மஞ்சளில் ஆக்ஸ்லிப் என்று ஒன்று, ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கொத்துக்கொத்தாக. இங்கிலாந்தில் இந்தக் கிழக்குப் பகுதிக் களிமண் காடுகளில்தான் அது நிறைய உண்டு. நிழலில் கிடந்து வெட்டுக்காகக் காத்திருக்குமாம். நாலைந்து வருடத்தில் கொம்புகள் புதராக அடர்ந்ததும் நைட்டிங்கேல் கூடு கட்ட வரும். துளிருக்கு மான்தான் பெரிய எதிரி. ஓநாயை எப்போதோ தீர்த்துவிட்டார்கள், மான் கணக்கில்லாமல் பெருகிவிட்டது. நம் மலையில் கேளையாடு என்கிறோமே, அதன் சீனத்து உறவு ஒன்றைப் பிரபுக்கள் அழகுக்காகக் கொண்டுவந்து வளர்க்க, அது தப்பித்து இப்போது துளிரையெல்லாம் தின்கிறது. அதனால் வெட்டிய துண்டைச் சுற்றி வேலி, சில இடத்தில் வெட்டிய சுள்ளியையே குவித்த வேலி.

பேசிப் பேசிச் சாப்பாட்டுக்குப் போனபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. பக்கத்துக் கிராமத்து மதுக்கூடத்தில் அடுப்பை அணைத்துவிட்டார்களாம். அணைத்த அடுப்பை மூட்டக் கூடாதா? ஒரு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவலைத் தின்று, எலுமிச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கு வாங்கிய காசில் நம் ஊரில் நாலு பேர் சாப்பாடு சாப்பிடலாம். கேட்டால் மரியாதையாக ‘மன்னிக்கவும்’ என்கிறார்கள், அதில் வயிறு நிறையுமா?

திட்டித்தான் பதில் எழுதுவாய், தெரியும். கொல்லை வேம்பைச் சுவருக்காக வெட்டிவிட்டார்கள் என்று போன மாதம் போனில் அழுதாயே, அதன் கட்டையைத் தோண்டி எடுத்தாயிற்றா, அப்படியே கிடக்கிறதா என்று முதலில் எழுது. கிடந்தால் வீட்டுக்காரரைத் தொட விடாதே. வேம்பு துளிர்க்கும். ஆடு வாய் வைக்காமல் சுற்றிலும் நாலு கருவை முள்ளை வெட்டிப் போடச் சொல்.

அன்புடன்,
பத்மா