தேரியில மணி என்ன?

'இயற்கைக் காட்சி வரைக'ன்னு ஒரு தாளை நீட்டினா உங்க கை தன்னால என்ன வரையும்? ரெண்டு மலை, நடுவுல பாதிச் சூரியன், ஒரு ஆறு, குடிசை, சாய்ஞ்ச தென்னை. சரிதானே?

எங்க ஊர் சாத்தான்குளம். அந்த ரெண்டு மலையை இங்க யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு வாய்ச்சது தேரி. செக்கச்செவேல்னு மணல்மேடு, ஊடே பனை. "அதுல வரைய என்னப்பா இருக்கு?"ன்னு கேக்காத ஆளில்லை.

இருக்கு. தேரி மணலுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது இரும்பு ஆக்ஸைடு. கடையில வாங்குற 'பர்ன்ட் சியன்னா' கலருக்கும் அதேதான். ஆனா ட்யூபைப் பிதுக்கி அப்பிட்டா தேரி வந்துடாது. முதல்ல நேரத்தை முடிவு பண்ணணும். தொல்காப்பியமும் நிலத்தோட பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள்னு சொல்லுது. பாலைக்குப் பொழுது நண்பகல், உணர்வு பிரிவு.

கோடு சரியா வந்தா போதாதான்னு கேப்பீங்க. 1792-ல் நெல்லைச் சீமைக்கு வந்து பாபநாசம் அருவியைப் படமாக்கின இங்கிலாந்து ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்கிட்ட கேமரா அப்ஸ்க்யூரா இருந்தது. கோட்டை அந்தப் பெட்டி பார்த்துக்கும். வெளிச்சத்தை எங்கே விழவைக்கணும்னு மனுஷன்தான் யோசிக்கணும்.

உச்சிவெயில் வேணுமா? நிழலைப் பனை மூட்டுலயே சுருட்டுங்க. வானத்தை வெளிறவிடுங்க. வாட்டர்கலர்ல வெள்ளைங்கிறது பூசுறதில்லை, தாளை அப்படியே விட்டுவைக்கிறது. சாயங்காலமா? சிவப்பு நல்லாக் காய்ஞ்சதும் மேல மெல்லிசா ஊதாவை நீளமா இழுங்க. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், படம் செத்துடும். மணலோட சொரசொரப்புக்குப் பிரஷ்ஷை ஈரம் போகத் துடைச்சிட்டு லேசா உரசுங்க. பத்துப் பனை இருந்தா மூணு போதும். தூரத்துப் பனை மங்கலா இருக்கட்டும்.

சென்னையில கடை வேலைக்குப் போன எங்க அண்ணனுக்கு இப்படி ஒரு தேரியை அனுப்பினேன். ராத்திரி போன் வந்தது. "ஏல, இது அஞ்சு மணி பஸ்ஸு வார நேரம்லா?"

அந்த பஸ்லதான் அவன் ஊரை விட்டுப் போனான். படத்துல பஸ்ஸே கிடையாது. வெறும் நீள நிழல்தான்.

உங்க ஊர்லயும் 'ஒண்ணுமில்லாத காடு' ஒண்ணு இருக்கும். கலரைக் கரைக்கிறதுக்கு முன்னாடி, அங்க மணி என்னன்னு பாருங்க.