பிள்ளைச்சாவடிக் கொல்லைக்கு எந்தச் சேவல்?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். பொம்மையார்பாளையம் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. அங்கே இருக்கிறது பிள்ளைச்சாவடி. கடல் கரையை அரிக்க அரிக்க, கொல்லை சுருங்கும் மீனவர் ஊர். இங்கே எந்தச் சேவல் சரிப்படும்?

நெடிய கால், விறைத்த கழுத்து, ஒட்டிய சின்னக் கொண்டை என்றால் அசீல். கம்பீரம்தான், ஆனால் சண்டைக்கென்றே பிறந்தது. சுவருக்குச் சுவர் வீடுள்ள தெருவில், பக்கத்து வீட்டுச் சேவலை அது சும்மா விடாது. கொண்டை முதல் கால்வரை கறுப்பென்றால் மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத். அதன் பெட்டை அடைகாக்கச் சுணங்கும்.

சிற்றுடல், ரம்பப்பல் போன்ற ஒற்றைக் கொண்டை என்றால் நம்மூர்ச் சிறுவிடை. மீன் கழிவையும் சோற்றுப் பருக்கையையும் பொறுக்கியே தேறிவிடும். பெட்டையும் நன்றாக அடைகாக்கும். சின்னக் கொல்லைக்கு அதுவே போதும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் கணக்கு. அதையும் வேறு ஊரிலிருந்து வாங்குங்கள்; வீட்டுக் குஞ்சையே சேவலாக விட்டால் வம்சம் நலியும்.