"கொரோனா முடியட்டும், அப்புறம் வாங்க"

2020 ஏப்ரல் கடைசி வாரம். ஊரடங்கு போட்டு ஒரு மாசம் ஆகியிருந்துச்சு. எங்க ஆஸ்பத்திரியில சுகர், பிரஷர் மாத்திரை வாங்குற ஒரு அம்மாவோட மகள் போன் பண்ணாங்க.

"சார், அம்மாவுக்கு ரெண்டு நாளா தலை சுத்துது. கூட்டிட்டு வரவா?"

"வெயிலா இருக்கும்கா. தண்ணி, மோர் நல்லா குடுங்க. இங்க கொரோனா வார்டு இருக்கு, இப்ப வர வேண்டாம்" என்றேன்.

நல்லது சொல்றோம்னு நம்பித்தான் சொன்னேன்.

மூணு வாரம் கழிச்சு அதே அம்மா 108ல வந்தாங்க. பாத்ரூம்ல மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிருந்துச்சு. நாடி பிடிச்சுப் பார்த்தா நிமிஷத்துக்கு 34. ஈசிஜியில கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்.

அது என்னன்னு சுருக்கமா சொல்றேன். நம்ம இதயத்தோட மேல் அறையில ஒரு இடத்துல இருந்து மின்சாரம் கிளம்பும். அது கீழ் அறைக்குப் போய்ச் சேர்ந்தாதான் இதயம் சரியா துடிக்கும். சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை. நடுவுல அந்த வழி முழுசா அடைபட்டா, கீழ் அறை தானா 30, 40ன்னு மெதுவா துடிக்கும். மூளைக்கு ரத்தம் பத்தாது. தலை சுத்தும், மயக்கம் வரும், சில நேரம் உயிரே போயிடும்.

இதுக்கு நிரந்தரத் தீர்வு பேஸ்மேக்கர். காறை எலும்புக்குக் கீழ, அந்த இடத்தை மட்டும் மரக்க வச்சு செய்யுற சின்ன ஆபரேஷன்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் உண்டு.

மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். அங்க முதல்ல தற்காலிக பேஸ்மேக்கர் வயர் போட்டாங்க. பிபிஇ கிட்டுக்குள்ள வேர்த்து ஊத்த ஊத்த செஞ்சாங்க. கொரோனா ரிசல்ட் வந்ததும் நிரந்தர பேஸ்மேக்கர். அதுக்கப்புறம்தான் இடுப்புக்கு ஆபரேஷன்.

பிழைச்சுட்டாங்க. ஆனா இன்னிக்கும் வாக்கர் வச்சுத்தான் நடக்குறாங்க.

அந்த நேரத்துல உலகம் முழுக்க இதயத்துடிப்பு சம்பந்தமான சிகிச்சைகளைத் தள்ளி வச்சாங்க. படபடப்புக்கு செய்யுற அப்லேஷன் மாதிரி, காத்திருக்கக்கூடிய கேஸ்களை ஒத்திப் போட்டாங்க. தொண்டை வழியா குழாய் விட்டு எடுக்குற எக்கோவையும் முடிஞ்சவரை தவிர்த்தாங்க. நோயாளி இருமினா அறையில இருக்குற எல்லாருக்கும் தொற்று பரவலாம்னு பயம். படுக்கையும் ஆளும் கொரோனாவுக்கே பத்தாத நேரம். அது தப்பான முடிவு இல்ல.

ஆனா ஹார்ட் பிளாக், திரும்பத் திரும்ப மயக்கம், தீரப்போற பேஸ்மேக்கர் பேட்டரி, இதெல்லாம் அவசரப் பட்டியல்லதான் இருந்துச்சு. கேத் லேப் கதவு அவங்களுக்காகத் திறந்தேதான் இருந்துச்சு. அந்தக் கதவு வரைக்கும் அந்த அம்மாவை வர விடாம நிறுத்தினது என்னோட போன் பேச்சு.

"அக்கா, அம்மா கையைப் பிடிச்சு ஒரு நிமிஷம் நாடியை எண்ணிச் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தா, அன்னைக்கே தெரிஞ்சிருக்கலாம். நான் கேக்கல.

பின்னாடி அந்த அக்காகிட்ட இதை ஒத்துக்கிட்டேன். "எல்லாரும் அப்படித்தானே சார் சொன்னாங்க, நீங்க மட்டும் என்ன பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கிறது இதுதான்.

கட்டைவிரலுக்குக் கீழ, மணிக்கட்டுல மூணு விரல் வச்சு நாடியை முழுசா ஒரு நிமிஷம் எண்ணப் பழகுங்க. வீட்டுப் பெரியவங்களுக்கும் எண்ணிப் பாருங்க.

தலைசுத்தலோட நாடி 50க்குக் கீழ இருந்தாலோ, திடீர்னு நினைவு தப்பி விழுந்தாலோ, வெயில், பித்தம்னு விடாதீங்க. அன்னைக்கே ஒரு ஈசிஜி எடுங்க. அரசு ஆஸ்பத்திரியில இலவசம்.

பேஸ்மேக்கர் வச்சிருந்தா பேட்டரி செக்கப் தேதியைத் தள்ளிப் போடாதீங்க.

இனி எந்தத் தொற்று வந்தாலும், எந்த டாக்டராவது போன்ல "அப்புறம் வாங்க"ன்னு சொன்னா, நானாவே இருந்தாலும் சரி, "நாடி இவ்வளவு இருக்கு சார், அப்பவும் வர வேண்டாமா?"ன்னு திருப்பிக் கேளுங்க.