உயரமான கார்

நல்ல வாகனம் மனிதனுக்கு வாய்க்கும் பேறுகளுள் ஒன்று என்று மதரஸாவில் பாடம் சொல்பவன் நான். ஆகவே கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே வசிக்கும் என் தங்கை மகன், "மாமா, எக்ஸ் 1 வாங்கலாமென்றிருக்கிறேன்" என்றபோது முகம் சுளிக்கவில்லை, விவரம் கேட்டேன்.

அது ஜெர்மானிய நிறுவனமான பி.எம்.டபிள்யூவின் சிறிய சொகுசுக் கார். கடல் கடந்து வருகிறது என்றே எண்ணியிருந்தேன். இல்லை, தாம்பரத்துக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோவிலை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் தொடங்கிய ஆலையில் பாகங்களைப் பொருத்தி உருவாக்குகிறார்கள். 2010 டிசம்பரில் இந்தியாவில் அறிமுகமானபோது தொடக்க விலை சுமார் 22 லட்சம். 2023 ஜனவரியில் வந்த மூன்றாம் தலைமுறைக்கு 45 லட்சத்து 90 ஆயிரம். சாலை வரியும் காப்பீடும் தனி!

"உயரமான கார் மாமா, நம் பக்கத்து வெள்ளத்துக்குத் தோதானது" என்றான். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்டவர்களுக்கு இந்த ஆசை புரியும். ஆனால் 'கிராஸ்ஓவர்' என்பது ஜீப்பின் தோற்றத்தில் உயர்த்தப்பட்ட கார்தான். ஜீப்பைப் போல் கனத்த தனி அடிச்சட்டம் இதற்கில்லை. அந்த மூன்றாம் தலைமுறை இங்கே வந்தபோது பெட்ரோல், டீசல் இரண்டிலுமே முன்சக்கரங்களுக்கு மட்டுந்தான் விசை.

உயரத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். இயந்திரம் காற்றை இழுக்கும் குழாய்க்குள் வெள்ளம் புகுந்தால், காற்றைப் போல நீர் அமுங்காது. உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும். நீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் முடுக்கிக் கெடுத்தால், வழக்கமான காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. இயந்திரப் பாதுகாப்புக்கென்று தனியே கூடுதல் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். கார் வைத்திருக்கும் வாசகர்கள் தங்கள் காப்பீட்டுப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

இனி என்னை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன். கைப்பணம் போக 40 லட்சம் கடன் என்றான். கலைப் பட்டதாரியின் கணக்குத்தான். இருந்தாலும் காகிதத்தை எடுத்தேன். வட்டி 9 சதவீதம், காலம் 7 ஆண்டு எனக் கொண்டால் மாதம் ஏறத்தாழ 64 ஆயிரம். முடிவில் செலுத்தியிருப்பது 54 லட்சம். அதாவது 14 லட்சம் வட்டி! அதை எழுதும்போது என் பேனா தயங்கியது. அவனும் வட்டியின் விலக்கை அறியாதவனல்லன், என்னிடமே ஓதியவன்.

"அந்த 64 ஆயிரத்தை மாதந்தோறும் சேர்த்தால் ஐந்தேகால் ஆண்டுக்குள் 40 லட்சம் கையில் இருக்குமே, தம்பி" என்றேன்.

"அதற்குள் விலை ஏறிவிடும் மாமா."

ஏறும், மறுக்கவில்லை. 2010இன் விலையையும் 2023இன் விலையையும் அவனுக்குச் சொன்னவனே நான்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். இதை எழுதும் நாள்வரை முன்பணம் கட்டவில்லை என்று தங்கை சொல்கிறாள்.