எடைக்கு வந்த மாரியோ

எம். புதுப்பட்டியில் வீடியோ கேம் விற்கும் கடை கிடையாது. பழைய சாமான் கடை உண்டு. பழைய டி.வி. கேம்களைத் தேடிப் போகும் இந்தத் தொடருக்கு அது போதும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய டி.வி. கேமுக்கு விலை சொன்னவர்கள் எல்லாம் அதன் பெயர் தெரிந்து சொன்னார்கள் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். பெயர் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். பெயர் தெரியாத கடைக்குப் போகலாம் என்றுதான் சிவகாசியில் டவுன் பஸ் பிடித்தேன்.

ஊர் முடிந்ததும் கருவேலங்காடு. நடுவே பட்டாசு ஆலைகளின் வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஓர் அறையில் நெருப்பு பிடித்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. பக்கத்து இருக்கையில் இருந்த அக்காவின் விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. கழுவினாலும் லேசில் போகாதாம்.

கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. முன்னால் தராசு, அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பேப்பர் கட்டுகள். வேறு ஊர்களில் பழைய இரும்புக் கடையில் பேப்பர் ஓரத்தில் கிடக்கும். இங்கே பேப்பர்தான் முதல் சரக்கு. பட்டாசுக்குக் குழாய் சுருட்ட அது வேண்டும். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் காகிதத் துண்டில் யாரோ ஒரு பையனின் கணக்கு நோட்டையோ பழைய செய்தித்தாளின் அரைத் தலைப்பையோ நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது இப்படி ஒரு கொட்டகை வழியாகத்தான் போயிருக்கும்.

கல்லாவில் இருந்த அண்ணாச்சி என் தோள்பையைப் பார்த்துவிட்டு, விற்க வந்தவன் என்று நினைத்துத் தராசைத் துடைத்தார்.

“விக்க வரல அண்ணாச்சி, வாங்க வந்தேன். பழைய டி.வி. கேம் கேசட் இருக்கா?”

“மஞ்சக் கலர் கேசட்டா? அந்தச் சாக்குல கெடக்கும் பாருங்க. பிளாஸ்டிக்காரனும் எடுக்க மாட்டேங்கான், போர்டுக்காரனும் எடுக்க மாட்டேங்கான். கழட்டுற கூலிக்குக் காணாது.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பஸ் டிக்கெட் எடுத்திருக்கலாம். காப்பர் ஒயர் வந்த அன்றே போய்விடுகிறது. பேப்பர் அந்த வாரமே குழாயாகிவிடுகிறது. கேம் வந்த அட்டைப் பெட்டி, விளக்கப் புத்தகம், சி.டி.யோடு வந்த கம்ப்யூட்டர் பத்திரிகை எல்லாம் அதே வழிதான். எதற்கும் உதவாத கேசட் மட்டும் சாக்கில் தங்கிவிடுகிறது. 2021 ஜூலையில் அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏலத்தில், உறை பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே காசெல்லாம் பிரிக்காத பெட்டிக்கு. இங்கே பெட்டிதான் முதலில் வெடிக்கிறது.

சாக்கைக் கவிழ்த்தேன். மிக்ஸி மூடி, சார்ஜர், காற்றுப்போன ஸ்பீக்கர், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு சி.டி. மேல் சி.டி.யில் மார்க்கர் பேனாவால் ‘ரோட் ராஷ் + ஐ.ஜி.ஐ.’ என்று எழுதியிருந்தது. ஏதோ பிரவுசிங் சென்டர் மூடியபோது வந்ததாம். வெயிலில் கிடந்து அடிப்பக்கம் பூத்துப் போயிருந்ததால் எடுக்கவில்லை. வீட்டில் எழுதிய சி.டி.க்குச் சூடு ஆகாது.

கேசட்டுக்கு அந்தப் பயம் இல்லை. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் பெட்டி 1983 ஜூலையில் ஜப்பானில் வந்தது. தொண்ணூறுகளில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த டி.வி. கேம்களில் பெரும்பாலானவை அதன் நகல்கள். நகலானாலும் அதே 60 முள் கேசட்தான். சாக்கில் கிடைத்த ஒன்றைத் திருப்புளியால் திறந்தேன். உள்ளே பெரிய பெட்டிக்குப் பொருந்தாத அளவுக்குச் சின்னதாய் ஒரு போர்டு. நடுவில் சிப்பை மூடிய கருப்புப் பொட்டு. கீழ் விளிம்பில் வரிசையாகச் செம்புப் பட்டைகள். சின்ன வயதில் நாம் எல்லோரும் அந்த விளிம்பில் வாய் வைத்து ஊதினோம். ஊதியது எச்சில் ஈரத்தைத்தான் ஏற்றியது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் போதும். தேய்த்ததும் பட்டை பளிச்சென்று வந்தது. பச்சைக் களிம்பு துளியும் இல்லை. கடலோரச் சென்னையில் இப்படிக் கிடைப்பது அபூர்வம். எந்தக் காய்ந்த காற்றை நம்பி 1920-களில் இங்கே தீப்பெட்டித் தொழில் வந்ததோ, அதே காற்றுதான் இதையும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கொட்டகையின் பின்பக்கம் வீடு. அண்ணாச்சியின் மகள் வாசலில் அமர்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார், உள்ளே தி.மு.க. ஆட்சியில் கொடுத்த 14 அங்குல இலவச கலர் டி.வி. 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒன்றரைக் கோடி டி.வி.க்கு மேல் தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கிறது. இந்தத் தொடரை எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய உதவியை எந்த அரசும் செய்ததில்லை. என் பையில் இருந்த கேம் பெட்டியை அதில் மாட்டி, சாக்கில் கிடைத்த கேசட்டைச் செருகினோம். பட்டியல் வந்தது: ‘99,99,999 இன் 1’. முதல் பக்கத்தைத் தாண்டினால் அதே மாரியோ, அதே கான்ட்ரா, ஒன்றில் இரண்டாவது கட்டத்திலிருந்து, இன்னொன்றில் மூன்றாவதிலிருந்து. தொண்ணூறுகளில் நம்மை இவ்வளவு தைரியமாக ஏமாற்றியது வேறெதுவும் இல்லை. மாரியோ முழு விளையாட்டுமே 40 கிலோபைட்தான். காலையில் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் பூப்படம் அதைவிடப் பெரிது.

பேரன் ஓடிவந்தான். ஆறாம் வகுப்பு இருக்கும். கேசட்டை அவன் கண்டுகொள்ளவில்லை. சாக்கிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் துப்பாக்கியைத் தூக்கி, பின்னால் திறந்து பார்க்க முயன்றான்.

“இதுல ரோல் கேப் எங்க மாமா போடணும்?”

பட்டாசு நாட்டுப் பிள்ளை வேறென்ன கேட்பான்! இது டி.வி.யைப் பார்த்துச் சுடுவது என்று சொல்லி, வாத்துச் சுடும் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாத்து விழுந்ததும், “எப்படித் தெரியும் அதுக்கு?” என்றான்.

சரியான கேள்வி. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை இழுத்த நொடி திரை முழுக்கக் கருப்பாகிறது, அடுத்து வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகிறது. குழல் நுனியில் இருக்கும் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தட்டுப்பட்டால் வாத்து செத்தது. நம் கண்ணுக்கு ஒரு மினுக்கு மட்டும் தெரியும். இது பிக்சர் டியூப் டி.வி.யில்தான் நடக்கும். எல்.இ.டி. டி.வி. படத்தைக் கொஞ்சம் தாமதித்துக் காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்துவிடுகிறது. பையன் அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் புது டி.வி.யில் மாட்டச் சொன்னான். மாட்டினோம். ஒரு வாத்தும் விழவில்லை. பழைய டி.வி.க்கே திரும்பினான். நடுவில் அவன் அம்மா எழுந்து வந்து ஒரு வாத்தைச் சுட்டுவிட்டு மறுபடி குழாய்க்குப் போனார். அந்தக் கூலி எண்ணிக்கைக் கணக்கு.

விலைக்கு வந்தோம். அண்ணாச்சி காந்தத்தை எடுத்துத் துப்பாக்கி மேல் தடவினார். ஸ்க்ரூ இருந்த இடத்தில் மட்டும் ஒட்டியது. “இரும்பு இல்ல. பிளாஸ்டிக் ரேட்டுதான்” என்று கேசட்டுகளையும் சேர்த்துத் தராசில் வைத்தார். ஒரு டீ, வடை காசு. கூடுதலாக நீட்டியதை வாங்க மறுத்தார். எடைக்கு மேல் வாங்கினால் நாளைக்கு விற்க வருகிறவன் அந்த விலை கேட்பானாம். துப்பாக்கியைப் பேரன் விடவில்லை. கேம் பெட்டியோடு அவனிடமே கொடுத்துவிட்டு, மஞ்சள் கேசட்டுகளை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். வேறு பெட்டி சாத்தூரில் தேடிக்கொள்ளலாம்.

அங்கே யாரைப் பார்ப்பது என்று கேட்டதற்கு, பழைய டி.வி. ரிப்பேர் பார்த்தவர் ஒருவர் கடையைக் காலி பண்ணுகிறார் என்றார் அண்ணாச்சி. “வெரசாப் போங்க. பேப்பர் எல்லாம் நான் எடுத்துட்டேன். மத்தது அங்கனதான் கெடக்கு. வரும்போது காராச்சேவு வாங்கிட்டு வந்துருங்க.”