கல்மரத்துக்குப் பெயர் வைப்பவர்கள்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா. செம்மண் மேட்டில், நேற்றுக் கோடரியால் வெட்டிப் போட்டதுபோல் அடிமரங்கள் கிடக்கின்றன. தொட்டால் கல். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழைமை. ஒன்றிலும் கிளையில்லை, வேரில்லை. வெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்தவை. மண்ணுக்குள் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா, செல் செல்லாக மரத்துக்குள் இறங்கிக் கல்லாக்கியது. 1781இல் சோனெரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பதிவு செய்தார்.

இலையும் பூவும் இல்லாத மரத்தை இன்னதென்று எப்படிச் சொல்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் கல்லைச் சீவும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போனேன். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. ஆய்வுக்கூட மேசையில் இருந்தது, திருவக்கரை வட்டாரத்தில் கிணறு வெட்டியபோது கிடைத்து, நிலத்துக்காரர் கொடுத்த துண்டு.

ஸ்லைடு போடுகிற அண்ணன் அதை உடனே அறுக்கவில்லை. நனைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, வரி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று சாக்பீஸால் கோடு போட்டார். மூன்று வெட்டு வேண்டும்: மரத்துக்குக் குறுக்கே ஒன்று, நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஒன்று, பட்டைக்கு இணையாக ஒன்று. வைரத்துகள் பதித்த வட்ட ரம்பம் தண்ணீர் தெறிக்க அறுத்தது. வில்லையின் ஒரு முகத்தை வழவழப்பாக்கிக் கண்ணாடியில் ஒட்டி, மறு முகத்தைக் கார்போரண்டம் பவுடரில் தேய்க்கத் தொடங்கினார். விரல் நுனியால்தான் அழுத்தம். ஒரு மூலை முந்திக்கொண்டால் அந்த மூலை கரைந்தே போய்விடும்.

“எவ்வளவு தேய்க்கணும் அண்ணே?”

“பாறைன்னா முப்பது மைக்ரான், தம்பி. மைக்ராஸ்கோப்புல குவார்ட்ஸ் மஞ்சளா தெரிஞ்சா இன்னும் தடிமன். சாம்பல் வெள்ளைக்கு வந்துட்டா நிறுத்திடலாம். கல்மரத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. செல்லோட சுவர்ல பழுப்பு நிக்கணும். மேல ரெண்டு சுத்து தேய்ச்சா கல்லுதான் மிஞ்சும், மரம் போயிடும்.”

இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் அந்த இரண்டு சுற்றில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆய்வுக் கட்டுரையில் மரத்துக்குப் பெயர் வைத்தவரின் பெயர் அச்சாகும். எங்கே நிறுத்துவதென்று தெரிந்த கையின் பெயர் அச்சாவது அரிது. அது சரியில்லை.

குறுக்கு வெட்டை முதலில் பார்க்கவேண்டும். பூக்கும் தாவர மரமென்றால் தண்ணீர் ஏறிய குழாய்கள் வட்ட வட்டத் துளைகளாகத் தெரியும். அவை தனித்தனியா, கூட்டமா, சுற்றியுள்ள சதைச் செல்கள் எப்படிச் சூழ்ந்திருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே போகிறார்கள். இப்படிக் கவனிக்க வேண்டிய கூறுகள் என்று 1989இல் வந்த பன்னாட்டுப் பட்டியலில் 163 இருக்கின்றன. குங்கிலியக் குடும்பத்து மரங்களில் பிசின் ஓடிய குழல்களும் தெரியும். ஷோரியாவில் அவை நீண்ட வரிசையாக நிற்கும், டிப்டெரோகார்பஸில் தனியாகவோ குட்டை வரிசையாகவோ நிற்கும்.

திருவக்கரை அடங்கிய பழைய தென்னார்க்காட்டுக் கல்மரங்களில் இந்தக் குடும்பத்தை 1950களில் சி.ஜி.கே. ராமானுஜம் அடையாளம் கண்டார். தென்னிந்தியாவில் டிப்டெரோகார்பஸ் இன்று வளர்வது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில். வெயில் கொளுத்தும் அந்தச் செம்மண் வட்டாரத்தின் கல்லுக்குள் ஒரு மழைக்காட்டு மரம்! பூங்காவில் இந்த ஸ்லைடுகளின் பெரிய படங்களை மாட்டி வைக்கவேண்டும். பெயரை மட்டும் எழுதிப் போட்டால், அதை நம்புவதற்குப் பார்ப்பவருக்கு என்ன இருக்கிறது?

கிணற்றுத் துண்டில் துளையே இல்லை. ஒரே அளவான சின்னச் செல்கள், வரிசை வரிசையாக. அப்படியானால் ஊசியிலை மர வகை. திருவக்கரையில் பேர்பெற்ற மீசெம்ப்ரியோசைலான் ஷ்மிடியானமும் இந்தக் கூட்டம்தான். உறுதி செய்ய, நடுவிலிருந்து பட்டைக்குப் போகும் வெட்டில், கதிர்ச் செல்லும் நீர் கடத்தும் செல்லும் குறுக்கிடுகிற இடத்தில் உள்ள குழிகளைப் பார்க்கவேண்டும். அண்ணன் போட்ட அந்த வெட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கதிர்கள் பாதியில் அறுந்து நின்றன. ஒன்றும் சொல்லாமல் மிச்சத் துண்டை எடுத்துப் புதுக்கோடு போட்டார்.

இரண்டாவது ஸ்லைடில் குழிகள் தெரிந்தன. ஆய்வாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, மீசெம்ப்ரியோசைலான் என்று மட்டும் குறித்தார். எந்த இனம் என்று சொல்லும் அளவுக்குச் செல்கள் பிழைத்திருக்கவில்லை என்றார். அண்ணன் மூன்று ஸ்லைடுகளிலும், மிஞ்சிய கல்லிலும் ஒரே எண்ணை எழுதி, சேர்த்து ஒரு டப்பாவில் வைத்தார்.